மாணவிகள் பெயரில் கம்பெனி பதிவு செய்யச் சொல்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்?

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் ஒரு கல்லூரி ஆசிரியை. ஊரையும் பெயர்களையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறார். மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் நடத்தும் வேலையும், கல்லூரியின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையத்தைக் கவனிக்கும் பொறுப்பும் சேர்ந்தே அவர் தலையில் விழுந்திருக்கின்றன. “என் வாழ்நாளில் ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் செய்ததில்லை. தொழில்முனைவோரின் பத்துப் பண்புகள் என்று கரும்பலகையில் எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது” என்கிறார். வகுப்பில் பெரும்பாலோர் விவசாயக் கூலி, குத்தகை விவசாயக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள்.

கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் ‘நாக்’ (NAAC) குழுவின் வருகைக்குள் மாணவர் நிறுவனங்கள் மூன்றையாவது பதிவு செய்து காட்ட வேண்டும் என்கிறது நிர்வாகம். பதிவுச் செலவைக் கல்லூரி ஏற்கும். இயக்குநர்களாக மாணவிகள் கையெழுத்திட வேண்டும். இதற்கிடையில் மூன்று மாணவிகள் கல்லூரி விழாவில் கறுப்பு உளுந்துக் களி மாவு விற்றார்கள். 60 பாக்கெட்டும் ஒரே நாளில் தீர்ந்தன. படிப்பு முடிந்ததும் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் தந்தை, அரைக்கும் இயந்திரமும் பாக்கெட் போடும் இயந்திரமும் வாங்க மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ஆசிரியையும் ஆரம்பத்தில் 15,000 ரூபாய் கைப்பணம் போட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக அவருக்குப் பங்கு தருகிறோம் என்கிறார்கள் பிள்ளைகள். “நெல்லைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஊர் இது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பதால் ஆலை வைக்கவும் முடியாதாம். இங்கே நான் எதைக் கற்றுக்கொடுப்பது? யாரைத் தடுப்பது, யாரை ஊக்குவிப்பது?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

நான் ஆடிட்டர். மேடையில் நின்று ‘கனவு காணுங்கள்’ என்று சொல்வது என் வேலை இல்லை. கனவு கண்டு முடித்தவர்கள் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காரும் நாற்காலி என் அறையில் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும். கம்பெனிக் கையெழுத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம், இதில் திருத்துவது கடினம்.

கையெழுத்துக்குப் பின்னால் வருவது

தனியார் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்வது இப்போது சுலபம். இரண்டு பேர், அவர்களின் பான், ஆதார், ஒரு முகவரி, டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் போதும். சில நாட்களில் சான்றிதழ் வந்துவிடும். பதிவு செய்து தருபவர் அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்வார். சட்டம் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்குகிறது.

2013 நிறுவனச் சட்டப்படி, பதிவான 30 நாட்களுக்குள் முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். பங்குப் பணம் வங்கிக்கு வந்துவிட்டது, தொழிலைத் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பை 180 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்க்கும் விற்பனை நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்கு தணிக்கையாக வேண்டும். நிதி அறிக்கை ஒன்றும் ஆண்டு விவர அறிக்கை ஒன்றும் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவங்களையும் ஓராண்டு மறந்துவிட்டால் 73,000 ரூபாய். ஒரு பாக்கெட் மாவுகூட விற்காத நிறுவனத்துக்கு இந்தத் தொகை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாமல் விட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறெந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது.

இதை உங்கள் மாணவிக்குப் பொருத்திப் பாருங்கள். பட்டம் வாங்கியதும் அவள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருப்பாள், அல்லது கல்யாணமாகி வேறு மாவட்டத்தில் இருப்பாள். நாக் குழு வந்து போயிருக்கும். பதிவுக்குப் பணம் கொடுத்த கல்லூரி, ஆண்டுத் தணிக்கைக்கும் கொடுக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 25 வயதில் உண்மையாகவே ஒரு தொழில் அவளுக்குக் கைகூடி வரும்போதுதான், 20 வயதில் யாருக்காகவோ போட்ட கையெழுத்து குறுக்கே வந்து நிற்கும். தொழில்முனைவை வளர்க்கிறோம் என்ற பெயரில் நடக்கும் காரியம் இது. எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

அதற்காகக் கல்லூரி முதல்வரை வில்லனாக்க வேண்டாம். அவருக்கு மேலிருந்து படிவம் வருகிறது, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும். மேலே சொன்ன செலவுக் கணக்கை ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். மூன்று நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கான தணிக்கை, தாக்கல் செலவைக் கல்லூரி ஏற்கும் என்று தீர்மானம் நிறைவேற்ற முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். கட்டத்தை நிரப்ப நேர்மையான வழியும் உண்டு. மாணவர்கள் உண்மையில் விற்ற பொருள், வைத்த கணக்கு, கண்ட லாப நட்டம், வாங்கியவர்கள் சொன்ன கருத்து ஆகியவற்றைக் கோப்பாக்கிக் காட்டலாம். உண்மையாகவே வியாபாரம் செய்துகொண்டிருக்கும் மாணவர் இருந்தால், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் தனிநபர் தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் இடைத்தரகர் இணையத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மாணவி தன் விருப்பத்தோடு இயக்குநராக முன்வந்தால் தடுக்க உங்களுக்கு உரிமையில்லை. 18 வயது நிறைந்தவள். ஆனால் டிஜிட்டல் கையொப்பக் கருவியும் அதன் கடவுச்சொல்லும் அவள் கையில்தான் இருக்க வேண்டும், அலுவலக அலமாரியில் இருக்கக் கூடாது. மறுக்கும் மாணவிக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

அறுபது பாக்கெட்டின் கணக்கு

பிள்ளைகள் போட்ட கணக்கை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கால் கிலோ பாக்கெட் 70 ரூபாய், 60 பாக்கெட், வரவு 4,200. கவரும் ஸ்டிக்கரும் 360, மில்லில் அரவைக் கூலி 240, பச்சரிசி 200; ஆக மொத்தச் செலவு 800. லாபம் 3,400. தாளின் கீழே ஒரு நட்சத்திரமும் வரைந்திருக்கிறார்கள்.

இந்தத் தாளில் உளுந்தைக் காணவில்லை. களி மாவில் உளுந்துக்கு விலை இல்லை! கேட்டால் “வீட்டு உளுந்துதானே சார்” என்பார்கள். அறுப்புக்குச் சில நாள் முன் சம்பா வயலின் ஈரத்தில் தெளித்து, பங்குனியில் செடி பறித்து, களத்தில் அடித்து, தூற்றி எடுத்த உளுந்து அது. அந்த அப்பா அதை வியாபாரியிடம் போட்டிருந்தால் கிலோவுக்கு 85 ரூபாய் கிடைத்திருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல், தூசி, வறுக்கும்போது குறையும் எடை எல்லாம் போக, 15 கிலோ மாவுக்கு 14 கிலோ உளுந்தாவது ஆகியிருக்கும்: 1,190 ரூபாய். வறுத்த சமையல் எரிவாயுவுக்கு 150. மில்லுக்கும் கல்லூரிக்கும் போய்வந்த பஸ், ஆட்டோ 160. இரண்டு நாள் அடுப்படியில் நின்று வறுத்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி 300 என்று வைத்தால் 600. இவற்றைச் சேர்த்தால் செலவு 2,900; லாபம் 1,300. மாணவிகள் மூவரின் உழைப்பு இதில் இன்னும் சேரவில்லை.

இனி, அதே மாவைக் கடையில் கொடுத்து விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 20 சதவீதம் எடுத்துக்கொண்டால் 840 போய்விடும். மிச்சம் 460. பாக்கெட்டுக்கு ஏழே முக்கால் ரூபாய்கூட இல்லை. அதிலும் கடைக்காரர் பணத்தை ‘அடுத்த லோடு வரும்போது’ தருவார்.

மாவு மோசம் என்று நான் சொல்லவில்லை. 70 ரூபாய் என்ற விலை தவறாக இருக்கலாம், கடை வழி தவறாக இருக்கலாம், கால் கிலோ அளவே தவறாக இருக்கலாம். எது தவறு என்று தெரிவதற்கு முன்னால் இயந்திரம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். விழாவில் வாங்கியவர்கள் யார் என்றும் பாருங்கள். ஆசிரியர்கள், அலுவலர்கள், சக மாணவிகளின் பெற்றோர். “நம்ம பொண்ணுங்க செய்தது” என்று ஒருமுறை எல்லோரும் வாங்குவார்கள். அந்த 60 பேரில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்துத் தாங்களாகவே கேட்டு வந்தார்கள்? உங்கள் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத எண் இதுதான்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தந்தையின் மனம் எனக்குப் புரிகிறது. மகள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று காத்துக் கிடக்க வேண்டாம் என்று நினைக்கிறார். ஆனால் மாதம் 50 கிலோ மாவுகூட விற்காத தொழிலுக்கு இயந்திரம் வாங்கினால், அது வாரத்தில் ஒரு நாள் ஓடும். வட்டி ஏழு நாளும் ஓடும். ஊரில் அரவை மில் இருக்கிறது. அதைவிட நுட்பமான வேலை தேவைப்பட்டால், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதன்செய் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. புதுத் தொழில்களை வளர்த்தெடுக்க அங்குள்ள தொழில் காப்பகத்தில் கட்டணம் கட்டி இயந்திரங்களைப் பயன்படுத்தவும் உணவைப் பரிசோதிக்கவும் வழியுண்டு. பக்கத்து மாவட்டத்தில் இப்படி ஒன்று இருப்பது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தத் தொழிலுக்கு உண்மையில் பணம் தேவைப்படும் இடம் வேறு. உளுந்து மலிவாகக் கிடைப்பது பங்குனி, சித்திரையில். ஐப்பசியில் அதே உளுந்தை வாங்கப் போனால் பெரும்பாலும் விலை ஏறியிருக்கும். ஆண்டுக்குத் தேவையானதை அறுவடையில் வாங்கி, காயவைத்து, வண்டு வராமல் சேமிக்க முடிந்தவர்கள்தான் இதில் நிற்பார்கள். கடன் என்று ஒன்று வாங்கினால் சரக்குக்குத்தான் முதலில் தேவை. அதுவும் விற்பனை நிலைத்த பிறகு.

மானியம் கிடைக்கும், பயம் வேண்டாம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மானியம் கையில் தரும் ரொக்கம் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் தனி வைப்பாக நின்று, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். அத்திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே; வேறு அரசு மானியம் ஏற்கெனவே பெற்றிருந்தாலும் கிடைக்காது. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்துக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கானது. இவர்களுக்கு 20 வயது, தொழிலின் அளவும் அதற்குப் பொருந்தாது. மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை மாணவிகளோடு போய் நேரில் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பயணமே ஒரு வகுப்புக்குச் சமம்.

விற்பதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

படத்தில் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அதில் “மூட்டுவலி, இடுப்புவலி நீங்கும்” என்று அச்சிட்டிருப்பதை உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். உளுந்தங்களி இடுப்புக்குப் பலம் என்று பாட்டி சொல்லலாம். உணவுப் பொருளின் உறையில் நோய் தீரும் என்று விற்பவர் சொல்லக் கூடாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வீட்டுத் தயாரிப்புக்கும் அதே சட்டத்தில் பதிவு வேண்டும்; சிறு தயாரிப்பாளருக்கு அது சொற்பச் செலவுதான். அந்த 14 இலக்க எண், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சேர்மானம், புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பற்றிப் பயந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூரு உறவினர் மூலம் அங்கே விற்கத் தொடங்கினால் கதை வேறு.

மூவரும் சேர்ந்து செய்வதென்றால் அது கூட்டு வணிகம். ஒப்பந்தம் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு என்றே 1932 கூட்டாண்மைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒருத்தி வீட்டு உளுந்தும் இன்னொருத்தியின் அம்மா உழைப்பும் அந்தச் சமபங்குக்குள் அடங்குமா என்று இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். தொழிலுக்காக ஒருத்தி வாங்கிய கடனுக்கு மற்ற இருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த கடைக்காரர் மீது வழக்குப் போட முடியாது. ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானால் அவள் பங்கு என்னவாகும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் வேண்டும். சிரிக்காதீர்கள், நம் பக்கத்தில் பாதிக் கூட்டு வணிகங்கள் அந்த மாதத்தில்தான் கலைகின்றன.

உங்கள் 15,000 ரூபாய். பங்கு வாங்காதீர்கள். நீங்கள் மதிப்பெண் போடும் மாணவியின் தொழிலில் நீங்களே பங்காளியாக இருந்தால், அவளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கேள்விக்குள்ளாகும், கொடுக்காத மதிப்பெண்ணும்தான். உதவி பெறும் கல்லூரி ஆசிரியர் தனியார் வணிகத்தில் பங்கெடுப்பதற்கு நிர்வாகத்தின் முன் அனுமதி பற்றி உங்கள் நடத்தை விதிகள் என்ன சொல்கின்றன என்றும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தைக் கைமாற்று என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, முடிந்தபோது திரும்பப் பெறுங்கள். அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள்.

எதைக் கற்றுக்கொடுப்பது?

“வியாபாரம் செய்யாத நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது” என்ற உங்கள் கூச்சத்தை நான் மதிக்கிறேன். கூச்சமே இல்லாமல் நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால், இது பிறவிக் குணம், வியாபாரக் குடும்பத்தில் பிறந்தால்தான் வரும் என்ற எண்ணமும் இருப்பதுபோல் தெரிகிறது. அது சரியில்லை. 1964-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்டும் அவருடைய குழுவினரும் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து சிறு வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு அழைத்து, சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பிப் போனவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிடத் தொழிலில் சுறுசுறுப்பாக இயங்கியதைப் பிறகு பதிவு செய்தார்கள். நம் நாட்டில் தொழில்முனைவோர் பயிற்சிகள் பலவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. பண்பைப் பட்டியல் போட்டுப் படிக்க வைத்ததால் அந்த மாற்றம் வரவில்லை. எட்டக்கூடிய இலக்கைத் தாங்களே வைத்து, முடிவைத் தாங்களே அளந்து பார்க்கப் பழகியதால் வந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிகுந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே தொழிலைப் பற்றிய சிக்கல்களைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அவர்களில் பெரும்பாலோர் சந்தை ஆய்விலிருந்து தொடங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, எனக்கு யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்குவேன் என்றே தொடங்கினார்கள். உங்கள் மாணவர்களின் வீடுகளில் இந்த மூன்றாவது கேள்வியை ஒவ்வொரு சாகுபடியிலும் கேட்கிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, தண்ணீர் கடைமடைக்கு வருமா, குறுவை வைக்கலாமா விடலாமா என்று திண்ணையில் நடக்கும் பேச்சு வேறென்ன? பாடநூலில் ‘இடர் மேலாண்மை’ என்ற அத்தியாயம் வரும்போது அந்த அப்பாக்களில் இருவரை வகுப்புக்கு அழையுங்கள்.

நடைமுறையில் நான் செய்யச் சொல்வது இதைத்தான். ஒரு குழுவுக்கு 500 ரூபாய் முதலீடு, அதற்கு மேல் யாரும் வீட்டிலிருந்து ஒரு பைசா கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியே முதல் கொடுத்து உண்மையான தொழில் ஒன்றை நடத்தச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய தொகை நமக்கு வேண்டாம். அந்த 500 கல்லூரியின் மைய நிதியிலிருந்து வரட்டும், நட்டமானால் கல்லூரிக்கு. உறவினருக்கும் ஆசிரியருக்கும் விற்றது கணக்கில் சேராது. முகம் தெரியாதவருக்கு விற்க வேண்டும். அன்றன்றைய வரவு செலவைக் கையால் எழுதிய நோட்டு வேண்டும். வீட்டுப் பொருளுக்கும் அம்மாவின் நேரத்துக்கும் விலை போட்டிருக்க வேண்டும். மதிப்பெண் லாபத்துக்கு இல்லை, நோட்டின் நேர்மைக்கு. 500-ம் போய், ஏன் போனது என்று சரியாக எழுதிய குழு, நண்பர்களிடம் விற்று ஆயிரம் சம்பாதித்த குழுவைவிட அதிக மதிப்பெண் வாங்கட்டும். இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் லாபத்தைப் பொய்யாக எழுதிக்கொண்டு வருவார்கள்.

கடைசி பெஞ்சில் தூங்கும் மாணவன் ஒருவனைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருந்தீர்கள். அவன் அப்பா பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கிறார், விடிகாலையில் பால் எடுக்கப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறான் என்றும் அதே வரியில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் எத்தனை டீ, எந்த டீயில் காசு நிற்கிறது, எந்த வாடிக்கையாளருக்குக் கடன் சொல்லலாம், யாரிடம் கேட்டு வாங்க முடியாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அடக்கவிலை அத்தியாயத்தை ஒரு மணி நேரம் அவன் எடுக்கட்டும், நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள்.

இனி, “நெல்லைத் தவிர எதுவும் இல்லாத ஊர்” என்றீர்களே. 1904-இல் கும்பகோணத்தில் ‘கும்பகோணம் பேங்க்’ என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் நெட்டி வேலை, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. 2025-இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் கார் ஷெட்டில் தொடங்கிய கதையை எத்தனை முறைதான் சொல்வது? நாச்சியார்கோயில் பட்டறை ஒன்றில் அரை நாள் உட்கார வையுங்கள். பித்தளை விலை ஏறினால் விளக்கின் எடையை எப்படி வைக்கிறார்கள், முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள், பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். மூடிப்போன கடைக்காரர் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள். வென்றவர்கள் கல்லூரி மேடையில் பேசுவார்கள். தோற்றவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் பற்றிய பயத்துக்கும் அடிப்படையில்லை. 2020 சட்டம் தடுப்பது அதன் அட்டவணையில் உள்ள தொழில்களை: எண்ணெய், எரிவாயு அகழ்வு, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், தோல் பதனிடுதல் போன்றவை. மாவு அரைப்பதற்கும் அவல் இடிப்பதற்கும் வாழைநார் பின்னுவதற்கும் அது குறுக்கே நிற்காது.

கடைசியாக அந்தத் தந்தை. அவரிடம் நீங்கள் தனியாகப் போய் ‘வேண்டாம்’ என்று சொன்னால், மகளுக்குக் குறுக்கே நிற்கிறீர்கள் என்று நினைக்கக்கூடும். அடுத்த வாரம் அவரையும் அவர் மனைவியையும் கல்லூரிக்கு வரச் சொல்லுங்கள். உளுந்தைச் சேர்த்த திருத்திய கணக்கை மாணவிகளே அவர்கள் முன்னால் போட்டுக் காட்டட்டும். நீங்கள் பேச வேண்டாம். ஆறு மாதம் மில்லிலேயே அரைத்து, மாதம் 50 கிலோவை முகம் தெரியாதவர்களுக்கு விற்றுக் காட்டினால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் அதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு நோட்டையும் கூட்டு ஒப்பந்த நகலையும் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் கிடையாது.